மாறியை எங்கே வைப்பது? கூலி, வரி, கடன் விதிகளை எழுதுவோருக்கு ஓர் ஒப்பீடு

2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைகளின் ஜி.எஸ்.டி. மாறியது. முந்தைய நாள் வரை ஒரு பீஸ் விலை 1,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், தாண்டினால் 12. அன்று முதல் வரம்பு 2,500 ரூபாய். அதற்குள் 5, தாண்டினால் 18. உள்நாட்டுச் சந்தைக்கு டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் தைத்து அனுப்பும் திருப்பூர்க் கம்பெனிகளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். பில் போடும் கோப்பில் இதைத் திருத்துவதுதான் பெரும்பாடு. அந்தக் கோப்பில் 12 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். ஆடை வரி 12 சதவீதம். பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம். ஒரு டஜனுக்கு 12 பீஸ். ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். எல்லாமே ஒரே எக்செல் கோப்பில், சூத்திரங்களுக்குள் வெறும் எண்ணாக உட்கார்ந்திருக்கும். 'அனைத்தையும் மாற்று' பொத்தானை அழுத்தினால் டஜனுக்குப் பதினெட்டு பீஸ் ஆகிவிடும், டெய்லரின் பி.எஃப். பிடித்தமும் 18 சதவீதமாக ஏறிவிடும்.

'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று எழுதுவதுதான் வணிக விதி. அதற்குள் வரும் விலை, நாள், வரம்பு, விகிதம் எல்லாம் மாறிகள். கூலி, தள்ளுபடி, வரிக் கணக்குகளை எக்செலிலிருந்து இ.ஆர்.பி. எனும் நிறுவன நிர்வாக மென்பொருளுக்கோ, விதிகளை மட்டும் தனியே எழுதி ஓட்டும் 'விதி இயந்திரம்' என்ற மென்பொருளுக்கோ மாற்ற நினைக்கும் கம்பெனிகள் கொங்கு நாட்டில் கோவை, திருப்பூர், கரூர், ஈரோடு எங்கும் இருக்கின்றன. எந்த மென்பொருளை வாங்குவது என்று அங்கே நிறையப் பேசுகிறார்கள். மாறியை எங்கே வரையறுப்பது என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. அதை மென்பொருள் எழுத வந்தவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பிற்காலத்தில் செலவு வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது முடிவுதான் என்பது என் கருத்து. ஒரு மாறியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும். மதிப்பை மாற்றப்போகிறவர் யார்? எப்போது மாறும்? மாறிய பிறகும் பழைய மதிப்பு தேவைப்படுமா?

எண்ணை விதிக்குள்ளேயே எழுதுவது

இதை அடியோடு தவறு என்று சொல்ல மாட்டேன். டஜனுக்கு 12, வாரத்துக்கு 7 நாள் போன்றவற்றை யாரும் மாற்றப்போவதில்லை. இவற்றுக்கும் பெயர் வைத்து, அட்டவணை போட்டு, அனுமதிப் படிவம் வைக்கும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அது வீண் வேலை. ஆனால் அரசோ முதலாளியோ வாங்குபவரோ மாற்றக்கூடிய எந்த எண்ணையும் விதிக்குள் வெறுமனே எழுதக் கூடாது.

ஒரு விதிக்குள் மட்டும் வாழும் மாறி

பெரிய விதி இயந்திரங்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.டி.எம். என்ற விதி இயந்திரத்தில் விதியின் தலைப்பகுதியிலேயே வரையறைகளுக்குத் தனி இடம் இருக்கிறது. ட்ரூல்ஸ் என்ற மற்றொரு இயந்திரத்தில் நிபந்தனைப் பகுதியிலேயே பெயர் சூட்டிக்கொள்ளலாம். அப்பெயரை டாலர் குறியுடன் தொடங்குவது வழக்கம். எக்செலில்கூட 2021 பதிப்பிலிருந்து லெட் என்ற சார்பு வந்திருக்கிறது. ஒரு சூத்திரத்துக்குள்ளேயே இடைக்கணக்குக்குப் பெயர் வைக்கலாம்.

இது எங்கே பொருந்தும் என்பதற்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்ற இந்த விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் 45 நாளை மிஞ்சக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் மூன்று மாதக் கடனில் ஓடிக்கொண்டிருந்த திருப்பூரில் இது என்ன கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விதியை இப்படி எழுதலாம்:

வரையறை: 'அனுமதித்த நாள்' என்பது, ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்த நாளும் 45-உம் ஆகிய இரண்டில் சிறியது, இல்லாவிட்டால் 15.
வரையறை: 'கடைசி நாள்' என்பது, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளுடன் 'அனுமதித்த நாள்' சேர்ந்தது.
சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனம், பாக்கி இருக்கிறது, 'கடைசி நாள்' இன்றிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால், கணக்குப் பிரிவுக்கு எச்சரிக்கை அனுப்பு.

இரண்டு வரையறைகளும் இல்லாமல் இதையே ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ஆடிட்டரே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். இடைக்கணக்கு அந்த ஒரு விதிக்கு மட்டும் தேவை என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு இடங்களில் இது காலை வாரும். 'அனுமதித்த நாள்' வட்டிக் கணக்கு விதிக்கும் வேண்டும் என்று ஒருவர் நகல் எடுப்பார். மற்றொருவர் அந்த நகலில் 15-ஐ விட்டுவிடுவார். ஒரே பெயர், இரண்டு பொருள். இன்னொன்று, ஒற்றை மதிப்புக்கும் கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. ஓ.டி.எம்.மில் 'பில்லில் உள்ள ஒரு சரக்கு' என்று மாறியை வரையறுத்தால், பொருந்தும் ஒவ்வொரு சரக்குக்கும் விதி ஒருமுறை ஓடும். ஆறு சரக்குள்ள பில்லுக்கு ஆறு முறை. பில்லுக்கு ஒருமுறை தர வேண்டிய தள்ளுபடியை அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதை வாங்குபவர் சொல்ல மாட்டார். உங்கள் லாப நட்டக் கணக்குதான் சொல்லும்.

விதித் தொகுப்பு முழுவதற்கும் பொதுவான மாறி

எல்லா விதிகளும் படிக்கலாம், எல்லா விதிகளும் மாற்றலாம். புதிதாக வருபவர்களுக்கு மிகவும் பிடிப்பது இதுதான். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காததும் இதுதான். ரொக்கத் தள்ளுபடி விதி 'நிகர விலை'யைக் குறைக்கிறது. அளவுத் தள்ளுபடி விதி அதே 'நிகர விலை'யை ஒரு வரம்போடு ஒப்பிடுகிறது. எது முதலில் ஓடியது என்பதைப் பொறுத்து வாங்குபவருக்கு வேறு வேறு விலை. விதிகளை வரிசையாக எழுதியிருக்கிறோமே என்பார்கள். விதி இயந்திரம் எழுதிய வரிசையில்தான் ஓடும் என்று எண்ணிவிட முடியாது. அதற்கென்று முன்னுரிமையோ ஓட்டப் படமோ தனியே தர வேண்டும்.

ட்ரூல்ஸின் கையேடே குளோபல் மாறிகள் எனும் இந்தப் பொதுமாறிகளைப் பற்றி எச்சரிக்கிறது. அவற்றின் மதிப்பு மாறினால் இயந்திரத்துக்கு அது தெரியவராது. எனவே மாறவே மாறாத மதிப்பாக இருந்தாலொழிய அவற்றை நிபந்தனையில் வைக்கக் கூடாது. கூலிப் பட்டியலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நானூறு பேருக்கு வரிசையாகக் கணக்கு ஓடும்போது, பொதுமாறியை ஒவ்வொரு ஆளுக்கும் முன் பூஜ்யமாக்க மறந்தால் முந்தையவரின் ஓவர்டைம் அடுத்தவரின் கூலியில் ஒட்டிக்கொள்ளும். கூடுதலாகப் பெற்றவர் புகார் செய்யப்போவதில்லை.

பொதுமாறி வேண்டவே வேண்டாமா என்றால், திரட்டிக்கொண்டே போகும் வேலைகளுக்கு அது தேவை. ஒரு கட்டத்தில் கண்டுபிடித்த குறைகளின் பட்டியலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். பணத்தொகைக்கு வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் உள்ளீடு

விதியை அழைக்கும் மென்பொருள், தேவையான மதிப்புகளைக் கையோடு கொண்டுவந்து தருகிறது. ஆர்டர், ஆள், வருகைப் பதிவு போன்ற நடப்புத் தகவல்களுக்கு இதுவே முறை. நாமக்கல் முட்டை விலையை எடுத்துக்கொள்ளுங்கள். என்.இ.சி.சி. எனும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு மண்டலவாரியாக விலை அறிவிக்கிறது. பண்ணைக்காரரும் வியாபாரியும் அதிலிருந்து இத்தனை பைசா குறைத்து என்று பேசிக்கொள்கிறார்கள். அறிவித்த விலை உள்ளீடு, பேசிய குறைப்பு அந்த வியாபாரியின் பதிவில் இருக்கும் மதிப்பு, கழிப்பது விதி. மூன்றையும் பிரித்து வைத்தால் எந்தப் பழைய கணக்கையும் அன்றைய மதிப்புகளோடு மீண்டும் ஓட்டிக் காட்டலாம். சோதிப்பதற்கு இதைவிட எளிய அமைப்பு இல்லை.

குறையும் உண்டு. புதிதாக ஓர் உள்ளீடு சேர்க்க வேண்டுமென்றால் அழைக்கும் மென்பொருளையும் திருத்த வேண்டும்; அதற்கு மென்பொருள்காரர் வர வேண்டும். அதனால்தான் ஜி.எஸ்.டி. விகிதம் போன்றவற்றை உள்ளீடாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பில் போடும் ஒவ்வொரு மென்பொருளும் தன் கையில் ஒரு விகிதத்தை வைத்திருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு யார் பொறுப்பு?

தேதியிட்ட அட்டவணை

அரசு நிர்ணயிக்கும் எண்களுக்கும், கூலி ஒப்பந்த விகிதங்களுக்கும், பஞ்சப்படிக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். பெயர், எந்த நாள் முதல், மதிப்பு என்று மூன்று பத்திகள். முடிவுத் தேதி என்ற பத்தியை வைக்காதீர்கள். வைத்தால் இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு நாள் விட்டுப்போகும், அல்லது ஒரே நாள் இரண்டிலும் விழும். தொடக்கத் தேதி மட்டும் இருந்தால், 'கேட்கும் தேதிக்கு முன் அல்லது அன்றே தொடங்கியவற்றில் கடைசி வரிசை' என்று ஒரே கேள்வியில் முடிந்துவிடும். பழைய வரிசையை ஒருபோதும் அழிக்கக் கூடாது.

ஏன் அழிக்கக் கூடாது? ஒரு ஜாக்கெட், பீஸ் விலை 1,800 ரூபாய். 2025 செப்டம்பர் 19 அன்று சரக்கு போயிற்று, 20 அன்று பில், அக்டோபர் கடைசியில் பணம். வரி 12 சதவீதம், பீஸுக்கு 216 ரூபாய். நவம்பரில் சரக்குத் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் அதே 12 சதவீதத்தில்தான் போட வேண்டும்; அன்றைய 5 சதவீதத்தில் அல்ல. அட்டவணையில் பழைய வரிசை இல்லையென்றால் இதைக் கையால்தான் போட வேண்டும்.

ஆனால் அட்டவணை பாதி வேலையைத்தான் செய்யும். எந்தத் தேதியை வைத்து அதைக் கேட்பது? விகிதம் மாறும்போது சி.ஜி.எஸ்.டி. எனும் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14-ஆம் பிரிவு மூன்று தேதிகளைப் பார்க்கச் சொல்கிறது: சரக்கு அனுப்பிய நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் என்று சட்டம் ஆறு நிலைகளைத் தனித்தனியே விவரிக்கிறது; பல மென்பொருள்களில் அதை ஆறு விதிகளாகவே எழுதுவார்கள். ஆறையும் விரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு தேதிகள் எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதம்தான் வருகிறது. அப்படியானால் மூன்று தேதிகளையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் போதும். 'விகிதத் தேதி என்பது சரக்கு, பில், பணம் ஆகிய மூன்று நாட்களில் நடு நாள்.' ஆறு விதிகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு மாறி. எக்செலில் மீடியன் சார்பு தேதிகளுக்கும் வேலை செய்யும். பணம் இன்னும் வரவில்லை என்றால் அந்த இடத்தில் மிகத் தொலைவான ஒரு தேதியைக் கொடுத்துவிடலாம். அப்போது மற்ற இரண்டில் பிந்தியது நடுவுக்கு வரும். மேலே சொன்ன ஜாக்கெட்டையே டெலிவரி சலானில் 20 அன்று அனுப்பிவிட்டு 24 அன்று பில் போட்டு, பணம் அக்டோபரில் வந்திருந்தால் நடு நாள் 24. வரி 5 சதவீதம், 90 ரூபாய்.

ஒருமுறை வரையறுத்து எல்லா விதிகளும் படிக்கும் கணக்கு

'விகிதத் தேதி' பில் விதிக்கும் கிரெடிட் நோட்டு விதிக்கும் மாதாந்திர ரிட்டர்னுக்கும் வேண்டும். அதை ஒரு விதிக்குள் ஒளித்து வைக்க முடியாது; எல்லோரும் மாற்றக்கூடிய பொதுமாறியாகவும் விட முடியாது. இதற்கு ஏற்ற வடிவம் மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓ.எம்.ஜி. அமைப்பு 2015-இல் வெளியிட்ட, முடிவு விதிகளை எழுதுவதற்கான டி.எம்.என். தரத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு முடிவும் ஒரு பெயருள்ள மாறிதான். மற்ற முடிவுகள் அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ஓ.டி.எம்., ட்ரூல்ஸ் இரண்டிலும் இதே ஒழுங்கை வேறு வழிகளில் கொண்டுவரலாம்.

இதன் அருமை ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டில் தெரியும். அதில் சேர்வதற்கான கூலி வரம்பு மாதம் 21,000 ரூபாய் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஒரு கம்பெனியின் ஆகஸ்ட் மாதப் பட்டியலில் இரண்டு டெய்லர்கள், இருவருக்கும் 21,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஏப்ரலில் 20,600 வாங்கிக்கொண்டிருந்தார், ஜூனில் உயர்ந்தது. இரண்டாமவர் ஆகஸ்டில்தான் இந்தக் கூலிக்கே சேர்ந்தார். முதலாமவருக்கு 0.75 சதவீதம், அதாவது முழு ரூபாய்க்கு உயர்த்தினால் 161 ரூபாய், செப்டம்பர் 30 வரை பிடிக்க வேண்டும். ஆறு மாதச் சந்தா காலத்தின் நடுவே வரம்பைத் தாண்டியவர் அந்தக் காலம் முடியும் வரை உறுப்பினர்தான். இரண்டாமவருக்குப் பிடிக்கக் கூடாது. பட்டியலைப் பார்க்கும் கணக்காளர் மென்பொருளில் கோளாறு என்றே நினைப்பார். 'மாதக் கூலி 21,000-க்குள் இருந்தால் பிடி' என்று எழுதிய மென்பொருளில்தான் உண்மையில் கோளாறு.

சரியான வரையறை இப்படிப் போகும். 'சந்தா காலத் தொடக்கம்': ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்றால் ஏப்ரல் 1, மற்ற மாதங்களுக்கு அக்டோபர் 1, ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் முந்தைய ஆண்டின் அக்டோபர். 'வரம்புக் கூலி': சந்தா காலத் தொடக்கம், வேலையில் சேர்ந்த நாள் இரண்டில் எது பிந்தியதோ அன்றைய மாதக் கூலி. 'ஈ.எஸ்.ஐ. உறுப்பினர்': வரம்புக் கூலி, அட்டவணையில் உள்ள வரம்பைத் தாண்டாதவர்.

கடைசி வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அட்டவணையை எந்த நாளுக்குக் கேட்பது? வரம்பு 15,000-இலிருந்து 21,000 ஆனது 2017 ஜனவரி 1 அன்று, அதாவது அக்டோபர்-மார்ச் காலத்தின் நடுவில். 18,000 ரூபாய்க்காரர் அன்று முதல் உள்ளே வந்தார். ஆகவே கூலியைக் காலத் தொடக்கத்திலும், வரம்பைக் கணக்குப் போடும் மாதத்திலும் படிக்க வேண்டும். ஓர் ஒப்பீட்டுக்குள் இரண்டு தேதிகள். இப்படிப்பட்ட ஒன்றை ஆறு விதிகளில் ஆறு பேர் எழுதினால் ஒன்றாவது பிசகும்.

கூலி என்பதன் வரையறையும் நிலையானதல்ல. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்ற விலக்குகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி கூலியில் சேர்க்கப்படும். 'கூலி'யை ஒரே இடத்தில் வரையறுத்தவர்கள் அந்த ஓர் இடத்தைத் திருத்துவார்கள். மற்றவர்களுக்கு எத்தனை இடம் என்று அவர்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

யாருக்கு எது

இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுக்கு விதி இயந்திரம் தேவையில்லை. எக்செலிலேயே 'விகிதங்கள்' என்று ஒரு தாளைத் திறந்து, தேதியிட்ட அட்டவணையை அதில் வைத்து, கலங்களுக்குப் பெயர் சூட்டி, சூத்திரங்களில் பெயரை மட்டும் பயன்படுத்தினால் முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும். நூல் முதல் பேக்கிங் வரை ஒரே கூரையில் வைத்திருக்கும், இ.ஆர்.பி. ஓட்டும் கம்பெனிகள் அட்டவணையையும் பொதுக் கணக்குகளையும் அந்த மென்பொருளுக்குள்ளேயே கேட்டு வாங்க வேண்டும். 'விகிதத்தை எங்கள் ஆளே மாற்ற முடியுமா, பழைய தேதிக்குக் கணக்கு ஓட்ட முடியுமா' என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்று செய்து காட்டாத விற்பனையாளரை அனுப்பிவிடலாம். தனி விதி இயந்திரம், பல யூனிட்டுகள், பல வாங்குபவர்கள், மாதந்தோறும் மாறும் தள்ளுபடிகள் என்று வரும்போதுதான் காசுக்கு ஈடாகும்.

எந்த அளவானாலும் பெயரில் அலகு இருக்க வேண்டும். ஈரோட்டில் ஒருவர் 'மஞ்சள் விலை' என்று மாறி வைத்தால் விரலிக்கா கிழங்குக்கா, குவிண்டாலுக்கா கிலோவுக்கா என்று தெரியாது. டி.எம்.என். தரத்தின் ஃபீல் என்ற சூத்திர மொழியில் பெயருக்குள் இடைவெளி விடலாம், தமிழ் எழுத்துகளும் இடம்பெறலாம். 'விரலி விலை குவிண்டாலுக்கு' என்றே வைக்கலாம். கணக்காளர் படிக்கக்கூடிய பெயர்களாக இருந்தால் விதியைச் சரிபார்க்க அவரையே உட்கார வைக்கலாம்.

மாற்றத் தொடங்கும்போது சட்டம் தொடும் எண்களை முதலில் அட்டவணைக்குக் கொண்டுபோங்கள், அடுத்து கூலியின் வரையறை, தள்ளுபடிகள் கடைசியில். சோதனைக்கு, செப்டம்பர் 21-ஆம் தேதிப் பில் ஒன்று, 22-ஆம் தேதிப் பில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே மாட்டிய சலான் ஒன்று, நவம்பரின் கிரெடிட் நோட்டு ஒன்று, அந்த இரண்டு டெய்லர்களின் ஆகஸ்ட் கூலி. இவை எல்லாம் சரியாக வரும்வரை சனிக்கிழமைப் பட்டியல் பழைய எக்செலிலும் ஓடட்டும்.